கித்தாருக்கு எந்தப் பெட்டி?

பாடற்குழு இளைஞர் சிலர், "மின்கித்தாருக்கு எந்த ஒலிபெருக்கிப் பெட்டி வாங்கலாம், சாமி?" என்று நம்மிடம் கேட்டனர். பாளையங்கோட்டை வட்டாரப் பங்குகள் பலவற்றுக்கும் பயன்படக்கூடும் என்பதால் இங்கே எழுதுகிறோம்.

வழக்கமான கித்தார்ப் பெட்டி ஏறத்தாழ 5,000 ஹெர்ட்சுக்கு மேற்பட்ட ஒலியை வெகுவாகக் குறைத்துவிடும். நாம் கேட்டுப் பழகிய இனிமை அக்குறையில் பிறந்ததே. சமஒலிப் பெட்டியோ வந்ததை வந்தபடியே ஒலிக்க முயல்வது. ஆகவே ப்ராசசரிலுள்ள 'கேபினெட்' அமைப்பை அணைத்துவிட்டு இணைத்தால், வண்டின் இரைச்சலே மிஞ்சும். பழுது பெட்டியினுடையதன்று.

ஹெட்ரஷ் 108இல் 8 அங்குல ஒலிபெருக்கி. 112இல் 12 அங்குலம். அவற்றில் குறித்துள்ள 2,000 வாட் கணநேர உச்சமே, மயங்க வேண்டா. லைன் 6 பவர்கேப், கித்தார்ப் பெட்டிகளின் குரலையும் ஏற்கவல்லது.

ஒப்பிடுகையில் இரண்டையும் ஒரே உரப்பில் வையுங்கள்; உரத்ததே நல்லதெனச் செவி ஏமாறும். கடைசி வரிசையில் அமர்ந்து கேளுங்கள். நாம் ஒருமுறை பெரிய பெட்டியொன்றைக் கோவில் மூலையில் தரையில் வைக்கச் சொல்லிவிட்டோம். தாழ்சுரம் பெருகிச் சொற்களை விழுங்கிற்று. "பாட்டு நல்லாத்தான் இருந்திச்சு சாமி, வார்த்தை ஒண்ணும் கேக்கல" என்றார் ஒரு மூதாட்டி. மறுவாரம் அதே பெட்டியைச் சுவரைவிட்டு விலக்கி நாற்காலிமேல் ஏற்றினோம். அவரும் சேர்ந்து பாடினார்.