விழா மலரில் பாட்டியின் பெயர் எங்கே?

கொங்கு நாட்டில் பண்டிகையை 'நோம்பி' என்பார்கள். மாரியம்மன் நோம்பி உண்டு. தீபாவளி நோம்பி உண்டு. அதுபோலச் சர்ச்சுக்கும் ஒரு நோம்பி உண்டு. அதுதான் சபையின் ஆண்டு விழா.

வாசலில் வாழைமரம், கோபுரத்தில் விளக்கு, மதியம் பந்திச் சாப்பாடு. பந்தியில் பக்கத்து வீட்டு இந்துவும் முஸ்லிமும் இருப்பார்கள். பார்க்கவே மனம் நிறையும்.

கோவையில் ஒரு பெரிய நோம்பி வரப் போகிறது. லண்டன் மிஷனைச் சேர்ந்த ஆடிஸ் பாதிரியார் கோயம்புத்தூரில் பணியைத் தொடங்கியது 1830-ம் ஆண்டு. 2030-ல் அதற்கு 200 ஆண்டு நிறைகிறது. அந்த வழியில் வளர்ந்த சபைகள் சும்மா இருப்பார்களா? பெரிய பந்தல் போடுவார்கள். விழா மலரும் போடுவார்கள்.

அந்த மலரைப் பற்றித்தான் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.

சபை மலர்கள் பலவற்றைப் புரட்டியிருக்கிறேன். முதலில் வாழ்த்துச் செய்தி. அடுத்துப் பாதிரிமார் படங்கள், கமிட்டியார் படங்கள். நடுநடுவே நகைக்கடை விளம்பரம். சபையின் வரலாறு இரண்டே பக்கம்! அதிலும் கட்டிடத்தின் கதைதான். 'மாதர் சங்கத்தார்' என்று ஒரு குரூப் போட்டோ இருக்கும். அதன் அடியில் ஒரு பெயர்கூட இராது.

பெரியவர்களைப் போட வேண்டாம் என்று சொல்லவில்லை. ஈரோட்டில் பணி செய்த பாப்ளி பாதிரியார் 1921-ல் இந்திய சங்கீதத்தைப் பற்றிப் புத்தகம் எழுதினார். 1931-ல் திருக்குறளில் பலவற்றை ஆங்கிலத்தில் தந்தார். அவரைப் போற்றத்தான் வேண்டும். ஆனால் அவர் பெயரைக் காக்க அவர் புத்தகங்கள் இருக்கின்றன. மற்றவர்களுக்கு யார் இருக்கிறார்கள்?

1947 செப்டம்பர் 27-ந் தேதியை எடுத்துக்கொள்ளுங்கள். அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், தென்னிந்திய ஐக்கிய சபை ஆகிய மூன்றும் சேர்ந்து தென்னிந்தியத் திருச்சபை ஆயின. அந்தக் கதை புத்தகங்களில் இருக்கிறது.

கோவையில் என்ன நடந்தது? லண்டன் மிஷன் வழியில் வந்தவர்களுக்கு அதுவரை பிஷப்பே கிடையாது. ரேஸ்கோர்ஸில் உள்ள ஆல் சோல்ஸ் ஆலயமோ வெள்ளைக்காரர்கள் தொழுவதற்காகக் கட்டப்பட்டது. இப்போது இரண்டும் ஒரே திருச்சபை! 1950-ல் கோவைத் திருமண்டலம் அமைந்தது. முதல் பேராயர் ஏ. ஜே. அப்பாசாமி, ஒரு தமிழர். இதையெல்லாம் கண்டு சாதாரணக் குடும்பங்கள் மகிழ்ந்தனவா, முணுமுணுத்தனவா? கேட்டு எழுதியவர் யார்? அன்று பத்து வயதாக இருந்தவர்கள் இன்று தொண்ணூறை ஒட்டி இருக்கிறார்கள்.

ஒரு விழாப் பந்தியில் என் பக்கத்தில் ஒரு பாட்டி உட்கார்ந்திருந்தார்.

"மலரில் உங்களைப் பற்றிப் போட்டிருக்கிறார்களா, பாட்டி?" என்று கேட்டேன்.

"நான் என்னங்க பண்ணிப்போட்டேன்? எங்கம்மாளைப் போட்டிருக்கோணும். அவங்க பைபிள் உமனுங்க. ஊரூராப் போயி, திண்ணையில மணலைப் பரப்பி, பொம்பளைங்களுக்கு எழுத்துச் சொல்லிக் குடுத்தாங்க" என்றார்.

அம்மாவின் பெயரையும் சொன்னார். மலரைப் புரட்டிப் பார்த்தேன். அந்தப் பெயர் இல்லை.

வேலை ஒன்றும் பெரிதல்ல. சபையின் பீரோவில் ஞானஸ்நான ரிஜிஸ்தரும் கல்யாண ரிஜிஸ்தரும் இருக்கும். கறையான் தின்பதற்கு முன்னால் அவற்றைப் படம் எடுத்து வைக்கலாம். எல்லார் கையிலும்தான் போன் இருக்கிறதே! வாலிபர் சங்கத்துப் பிள்ளைகள் வாரம் ஒரு தாத்தா, பாட்டி வீட்டுக்குப் போகட்டும். எந்த ஊரிலிருந்து வந்தீர்கள், யார் உங்களுக்குப் படிப்புச் சொன்னார்கள், ஆலயச் சுவரைக் கட்டிய கொத்தனார் யார் என்று கேட்டு எழுதட்டும். கொத்தனார் இந்துவாக இருந்தால் அவர் பெயரும் மலரில் வரவேண்டும்.

இதற்குப் பத்துப் பக்கம் ஒதுக்கினால் போதும். விளம்பரம் குறைந்தால் பணத்துக்கு எங்கே போவது என்று பொருளாளர் கேட்பார். பந்தியில் ஒரு பாயசத்தைக் குறைத்துக்கொள்ளலாம் ஐயா!