போன் மெமரியில் துண்டு துண்டாக கிடக்கும் டேட்டா: ஒரு குறியை அழிக்க மறந்ததால் லினக்ஸே ஆட்டம் கண்டது எப்படி?

விழுப்புரம் ஜங்ஷனில் இரவு ரயிலுக்குக் காத்திருக்கும் ஆறு பேர் கொண்ட குடும்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே பிஎன்ஆர், ஆனால் சீட் கிடைத்தது எஸ்2-வில் இரண்டு, எஸ்5-ல் மூன்று. பாட்டிக்கு மட்டும் தனியாக எஸ்7-ல் சைடு லோயர். "எல்லாரும் ஒண்ணா உட்காரணும்" என்றால் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும் பலரை எழுப்பி இடம் மாற்ற வேண்டும். அதற்குப் பதில் ரயில்வே ஒரு பட்டியல் வைத்துக்கொள்கிறது. யார், எந்தப் பெட்டி, எந்த பெர்த் என்பது அதில் இருக்கும். டிக்கெட் பரிசோதகருக்கு அந்த சார்ட் போதும்.

உங்கள் கையில் இருக்கும் போனும் இதே வேலையைத்தான் ஒவ்வொரு நொடியும் செய்கிறது. அந்த சார்ட்டில் ஒரு பழைய குறியை அழிக்காமல் விட்டதால், 2022-ல் உலகம் முழுக்க லினக்ஸ் சர்வர்களும் புத்தம் புது ஆண்ட்ராய்டு போன்களும் ஆபத்தில் சிக்கின. என்ன நடந்தது? இன்று நமக்கு அதில் என்ன பாடம்?

மெமரி ஏன் துண்டு துண்டாக இருக்கிறது?

ஆண்ட்ராய்டு போனின் அடியில் ஓடுவது லினக்ஸ் கெர்னல். எந்த ஆப்புக்கு எவ்வளவு மெமரி, எந்த ஃபைலை யார் தொடலாம் என்று முடிவு செய்வது அதுதான். கெர்னல் மெமரியைச் சின்னச் சின்ன 'பக்கங்களாக'ப் பிரித்து வைத்திருக்கிறது. பெரும்பாலான போன்களில் ஒரு பக்கம் 4 கேபி.

4 எம்பி அளவுள்ள ஒரு போட்டோவைத் திறந்தால் அதற்கு 1,024 பக்கங்கள் தேவை. காலையிலிருந்து பல ஆப்கள் திறந்து மூடிய போனில் இத்தனை பக்கங்கள் வரிசையாகக் காலியாக இருக்காது. எங்கெங்கே இடம் இருக்கிறதோ அங்கங்கே போட்டோவின் துண்டுகள் போய் உட்காரும்.

எந்தப் பக்கம், அதில் எங்கிருந்து தொடக்கம், எத்தனை பைட் நீளம் என்று கெர்னல் ஒரு பட்டியல் எழுதிக்கொள்ளும். இதை 'ஸ்கேட்டர்-கேதர்' பட்டியல் என்பார்கள். சிதறிக் கிடப்பதைச் சேர்த்துக் காட்டும் பட்டியல். போனின் ஸ்டோரேஜ் சிப்பும் நெட்வொர்க் சிப்பும் இந்த மாதிரிப் பட்டியலை வாங்கித்தான் வேலை பார்க்கின்றன. வீடியோ பார்க்கும்போது நெட்டிலிருந்து வருவதும் சுமார் 1,500 பைட் அளவுள்ள சின்னச் சின்ன பாக்கெட்டுகள்தான்.

எல்லாவற்றையும் ஒரே இடத்துக்குக் காப்பி செய்தால் என்ன?

செய்யலாம். ஆனால் ஒவ்வொரு காப்பிக்கும் நேரம் போகும், பேட்டரி போகும், மெமரியும் இரண்டு மடங்கு பிடிக்கும். அதனால் பொறியாளர்கள் முடிந்தவரை காப்பியைத் தவிர்ப்பார்கள். டேட்டாவை நகர்த்த மாட்டார்கள், அது இருக்கும் இடத்தின் முகவரியை மட்டும் அடுத்தவரிடம் கொடுப்பார்கள்.

இப்படி முகவரியைக் கொடுப்பதில் வேகம் உண்டு, ஆபத்தும் உண்டு. ஒரே பக்கத்தை இரண்டு பேர் பார்க்கிறார்கள். ஒருவருக்குப் படிக்க மட்டும்தான் அனுமதி. அந்த எல்லையைக் காப்பாற்றுவது பட்டியலில் இருக்கும் குறிகள்தான்.

'டர்ட்டி பைப்': கண்டுபிடித்த கதை

2021 ஏப்ரலில், ஜெர்மனியின் சிஎம்4ஆல் என்ற வெப் ஹோஸ்டிங் நிறுவனத்துக்கு ஒரு சாதாரணப் புகார் வந்தது. வாடிக்கையாளர் டவுன்லோட் செய்த லாக் ஃபைல் ஒன்று கெட்டுப்போயிருந்தது. சரிசெய்து கொடுத்தார்கள். சில மாதம் கழித்து மறுபடியும் அதே புகார், பிறகு மறுபடியும்.

அங்கே பணியாற்றிய மேக்ஸ் கெல்லர்மன் விடாமல் தேடினார். கெட்டுப்போன ஃபைல்களில் பெரும்பாலானவை மாதத்தின் கடைசி நாள் ஃபைல்களாக இருந்தன. ஒவ்வொன்றிலும் கடைசி 8 பைட்டுகள்தான் தப்பு. அங்கே இருந்ததோ ஒரு ஜிப் ஃபைலில் இருக்க வேண்டிய எழுத்துகள். அந்த ஜிப்பைத் தயாரித்த புரோகிராமுக்கு லாக் ஃபைலில் எழுத அனுமதியே கிடையாது. அப்படியென்றால் எழுதியது யார்?

கெர்னல்தான் என்று 2022 பிப்ரவரி 19-ல் தெரிந்தது.

லினக்ஸில் ஒரு புரோகிராமிலிருந்து இன்னொன்றுக்கு டேட்டா அனுப்ப 'பைப்' என்ற வசதி உண்டு. பெயர்தான் குழாய். உள்ளே இருப்பது வழக்கமாக 16 வரிகள் கொண்ட ஒரு பட்டியல், ஒவ்வொரு வரியும் ஒரு மெமரி பக்கத்தைக் காட்டும். 'இந்தப் பக்கத்தில் இன்னும் இடம் இருக்கிறது, அடுத்து வருவதை இதிலேயே சேர்த்து எழுதலாம்' என்று சொல்லும் ஒரு குறியும் அந்த வரியில் உண்டு.

மறுபடி ரயிலுக்கு வருவோம். எழும்பூரில் ஏறிய ஆர்ஏசி பயணிகள் இருவர் ஒரு சைடு லோயரைப் பங்கிட்டு வந்து திண்டிவனத்தில் இறங்கிவிட்டார்கள். அதே பெர்த், விழுப்புரத்தில் ஏறும் நம்ம பாட்டிக்கு முழுசாக உறுதியாகிறது. சார்ட்டில் அவர்கள் பெயரை அழித்துப் பாட்டி பெயரை எழுதியவர், ஓரத்தில் இருந்த 'ஆர்ஏசி, இருவர் உட்காரலாம்' என்ற குறியை அழிக்க மறந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அடுத்து வருபவரை பரிசோதகர் பாட்டி பெர்த்திலேயே உட்கார வைத்துவிடுவார். அவர் மேல் தப்பில்லை, சார்ட் அப்படித்தானே சொல்கிறது?

கெர்னலிலும் இதுதான் நடந்தது. பைப்பின் பழைய வரி ஒன்றில், படிக்க மட்டும் அனுமதி உள்ள ஒரு ஃபைலின் பக்கம் வந்து உட்கார்ந்தது. பழைய 'சேர்த்து எழுதலாம்' குறி அப்படியே இருந்தது. அடுத்து வந்த டேட்டா நேராக அந்த ஃபைலின் பக்கத்திலேயே எழுதப்பட்டது.

எவ்வளவு பெரிய ஆபத்து?

படிக்க மட்டும் அனுமதி உள்ள ஃபைலில் யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்றால், கணினியின் பாஸ்வேர்டு விவரம் இருக்கும் ஃபைலையும் மாற்றலாம். சாதாரண பயனர் ஒரே நிமிடத்தில் முழு அதிகாரம் பெறலாம். சில கட்டுப்பாடுகள் இருந்தன: ஃபைலின் நீளத்தை மாற்ற முடியாது, பக்கத்தின் முதல் பைட்டைத் தொட முடியாது. ஆனால் தாக்குபவருக்கு அவை பெரிய தடை இல்லை.

குறியைச் சுத்தம் செய்யாத கோடு 2016-லேயே கெர்னலுக்குள் வந்துவிட்டது. 2020-ல் வந்த 5.8 பதிப்பில் செய்த வேறொரு மாற்றம்தான் அதை ஆயுதமாக்கியது. அதனால்தான் கேலக்ஸி எஸ்22, பிக்சல் 6 போன்ற அப்போதைய புதிய போன்கள் பாதிப்புக்குள் வந்தன. பழைய கெர்னலில் ஓடிய பழைய போன்கள் இந்த முறை தப்பின. "புது போன்னா சேஃப்" என்ற நம்பிக்கை இங்கே அப்படியே தலைகீழ்.

சரிசெய்ய எவ்வளவு கோடு தேவைப்பட்டது தெரியுமா? குறியைப் பூஜ்ஜியமாக்கும் ஒரே ஒரு வரி, இரண்டு இடங்களில். பிப்ரவரி 20-ல் கெர்னல் பாதுகாப்புக் குழுவுக்குத் தகவல் போனது. 23-ம் தேதி திருத்திய பதிப்புகள் வந்துவிட்டன. மறுநாளே கூகுளும் ஆண்ட்ராய்டு கெர்னலில் அதைச் சேர்த்தது. மார்ச் 7-ல்தான் விஷயம் வெளியே சொல்லப்பட்டது. சிவிஇ-2022-0847 என்பது இதன் அதிகாரப்பூர்வ எண்.

இவ்வளவு சீக்கிரம் எப்படி முடிந்தது?

லினக்ஸின் மூலக்கோடு எல்லோருக்கும் திறந்திருக்கிறது. கெல்லர்மன் லினக்ஸ் நிறுவனத்தின் ஊழியர் இல்லை, அப்படி ஒரு நிறுவனமே கிடையாது. வாடிக்கையாளர் புகாரைத் தொடர்ந்து போனவர் கெர்னல் வரை தானே படித்துப் பார்க்க முடிந்தது.

இது நமக்கும் தூரமான விஷயம் இல்லை. சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ், தமிழக அரசு மாணவர்களுக்குக் கொடுத்த இலவச லேப்டாப்களில் விண்டோஸுடன் சேர்ந்தே வந்தது. பலர் அதைத் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார்கள். விழுப்புரத்தில் இயங்கும் விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழு, கட்டற்ற மென்பொருளை மாணவர்களுக்குக் கற்றுக்கொடுத்து வருகிறது. கெர்னல் கோடைப் படிக்க பெங்களூரு போக வேண்டியதில்லை, திண்டிவனத்தில் வீட்டிலிருந்தே படிக்கலாம்.

இப்போது என்ன மாறுகிறது?

மெமரி பக்கத்தின் அளவு மாறுகிறது. 2025 நவம்பர் 1 முதல், ஆண்ட்ராய்டு 15 மற்றும் அதற்கு மேற்பட்ட பதிப்புகளைக் குறிவைக்கும் புதிய ஆப்களும் அப்டேட்களும் 16 கேபி பக்கத்திலும் இயங்க வேண்டும் என்பது கூகுள் பிளேயின் விதி. அப்போது அதே 4 எம்பி போட்டோவுக்கு 256 வரிகள் போதும். பட்டியல் சுருங்கும், வேகம் கூடும். ஆனால் சின்ன ஃபைலும் 16 கேபி இடத்தைப் பிடிக்கும் என்பதால் மெமரி கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும். பட்டியல் சின்னதானாலும் அதைச் சரியாக எழுதும் பொறுப்பு குறையாது.

நீங்கள் செய்ய வேண்டியது என்ன?

இந்த வகை ஓட்டை இன்டர்நெட் வழியாகத் தானாக உள்ளே வராது. தாக்குபவரின் புரோகிராம் ஒன்று முதலில் உங்கள் போனில் ஓட வேண்டும். அதனால்:

• வாட்ஸ்அப்பில் 'கல்யாணப் பத்திரிகை', 'டிராஃபிக் அபராதம்' என்ற பெயரில் வரும் ஏபிகே ஃபைலை இன்ஸ்டால் செய்யாதீர்கள்.

• செட்டிங்ஸில் 'செக்யூரிட்டி அப்டேட்' எந்த மாதத்தோடு நிற்கிறது என்று பாருங்கள். அப்டேட் காத்திருந்தால் இன்றே போடுங்கள்.

• பழைய போன் வாங்கும்போது கேமரா, பேட்டரியோடு சேர்த்து அந்தத் தேதியையும் பாருங்கள். அப்டேட் நின்றுபோன போனில் பேங்க் ஆப், யுபிஐ வேண்டாம்.

• பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-க்கு அழையுங்கள்.

கெர்னல் திருத்தம் மூன்றே நாளில் வந்தது. அது உங்கள் போனுக்கு வந்து சேர்ந்ததா என்பதை அந்த அப்டேட் தேதிதான் சொல்லும்.