கொடுக்கல் வாங்கலும் போரும்

கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொண்ட தேசங்கள் தம்முள் யுத்தம் செய்யமாட்டா என்ற அபிப்பிராயம், அறிஞர் சபைகளிலும் வர்த்தகர் மாநாடுகளிலும் ஒரு சித்தாந்தம்போல நிலைபெற்றிருக்கிறது. கேட்பதற்கு இனிய இந்த அபிப்பிராயம் உண்மைக்குப் புறம்பானது; அதை நம்பியவர்களை மட்டுமின்றி, அவர்களுக்கு அண்டையில் வாழ நேர்ந்த நிரபராதிகளையும் அது ஆபத்தில் தள்ளவல்லது என்பது என் துணிபு.

1910-ஆம் ஆண்டில் நார்மன் ஏஞ்சல் என்ற ஆங்கிலேயர், யுத்தத்தினால் வென்றவனுக்குங்கூட லாபமில்லை என்று ஒரு நூலில் வாதித்தார். அவர் போட்ட கணக்கில் பிழையில்லை. ஆயினும் நான்கே ஆண்டுகளில், ஒன்றுக்கொன்று பெரிய வாடிக்கையாயிருந்த பிரிட்டனும் ஜெர்மனியும் போர்க்களத்தில் எதிர்நின்றன. 1941-இலோ, தனக்கு வேண்டிய எண்ணெயின் பெரும்பகுதியை அமெரிக்காவிடமே வாங்கிவந்த ஜப்பான், ஆகஸ்டில் அந்த வரத்து நின்றதும், பணிவதை விடுத்து டிசம்பரில் பேர்ல் துறைமுகத்தின்மீது குண்டு வீசியது.

இவற்றையெல்லாம் பழங்கதை என்று தள்ளுவோர் ஜெர்மனியின் அண்மை அனுபவத்தையாவது சிந்திக்க வேண்டும். 1970-இல் எஃகுக் குழாய்களைக் கொடுத்து சோவியத் எரிவாயுவைப் பெற மேற்கு ஜெர்மனி ஒப்பந்தம் செய்தபோது, எல்லையின் இரு புறமும் பெருஞ்சேனைகள் விழிப்போடு நின்றுகொண்டிருந்தன. அக்காலத்துச் சமாதானத்தை அந்தச் சேனைகளின் கணக்கில் வைக்காமல் எரிவாயுவின் கணக்கில் எழுதிக்கொண்டதே பிற்காலத்தார் செய்த பிழை. கப்பலில் வரும் எண்ணெயை வேறொருவரிடம் வாங்கலாம். குழாயில் வரும் வாயுவுக்கு அந்த வசதி எளிதில் வாய்ப்பதில்லை. விற்பவன் வருமானமின்றிச் சில மாதங்கள் பொறுத்திருப்பான். வாங்குபவனால் கடுங்குளிரில் சில நாட்கள்கூடப் பொறுக்க இயலாது. 2009 ஜனவரியில் உக்ரேன் வழியாகச் சென்ற ரஷ்ய வாயு ஏறக்குறைய இரண்டு வாரம் நின்றபோது, பல்கேரியாவும் ஸ்லோவாக்கியாவும் இதைப் பிரத்தியட்சமாகக் கண்டன.

அதற்குப் பின்னும், உக்ரேனைத் தொடாமல் ரஷ்யாவிலிருந்து ஜெர்மனிக்குப் பால்டிக் கடலடியில் இடப்பட்ட 'நார்ட் ஸ்ட்ரீம்' குழாய் 2011-இல் திறக்கப்பட்டது. 2014-இல் கிரிமியாவை ரஷ்யா கவர்ந்துகொண்டபின், மறு ஆண்டிலேயே இரண்டாவது குழாய்க்கு உடன்படிக்கை ஏற்பட்டது. ஜெர்மனியின் மிகப் பெரிய நிலத்தடி எரிவாயுக் கிடங்கும் அதே ஆண்டில் ரஷ்யாவின் காஸ்ப்ரோம் நிறுவனத்தின் வசமாயிற்று. தன் நிலத்தின் வழியாக வாயு சென்றாக வேண்டும் என்ற ஒன்றே உக்ரேனுக்கு இருந்த சிறு காப்பு. சமாதானத்தின் பெயரால் அந்தக் காப்பைத் தளர்த்தியதை என்னால் மன்னிக்க முடியவில்லை. 2022-இல் உக்ரேன்மீது ரஷ்யா படையெடுத்தபின், இரண்டாவது குழாயை ஆதரித்தது தம் தவறென்று ஜெர்மனியின் ஜனாதிபதி ஸ்டெயின்மயர் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். அத்தகைய நேர்மை அரசியலில் அரிது. ஆயினும் இடிந்த வீடுகளுக்கு அது பரிகாரமாகாது.

வாங்குபவர் கையை விட விற்பவருக்கு மனம் வராது என்று வாதித்தோரும் உண்டு. 2021-இல் ஜெர்மனி இறக்குமதி செய்த எரிவாயுவில் பாதிக்குமேல் ரஷ்யாவினுடையது. அவ்வளவு பெரிய வாடிக்கையும் 2022 பிப்ரவரி 24-ஆம் நாள் புறப்பட்ட சேனையை ஒரு நாளேனும் தாமதிக்கச் செய்யவில்லை. அதற்கு மேலும் ஒன்று நடந்தது. மேலே பீரங்கிகள் முழங்க, 2024 முடியும்வரை உக்ரேன் மண்ணுக்கடியில் ரஷ்ய வாயு மேற்கு நோக்கி ஓடிக்கொண்டேயிருந்தது. அதற்குரிய வழிக்கட்டணமும் உக்ரேனுக்குச் செலுத்தப்பட்டுவந்தது. வர்த்தகம் யுத்தத்தைத் தடுக்கவில்லை. யுத்தமும் வர்த்தகத்தைத் தடுக்கவில்லை.

2025 ஜனவரி முதல் நாளில்தான், ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க உக்ரேன் மறுத்ததனால், அந்த ஓட்டம் நின்றது. 1980-களில் மேற்கு ஐரோப்பாவின் கடனும் எஃகும் துணைநிற்க இடப்பட்டு, நட்பின் சின்னம் என்று போற்றப்பட்ட குழாய் அது. 2025 மார்ச்சில், உக்ரேன் எல்லையை ஒட்டிய ரஷ்ய நகரான சூஜாவுக்கருகே, வெறுமையாய்க் கிடந்த அந்தக் குழாய்க்குள் பல கிலோமீட்டர் தூரம் நடந்துசென்ற ரஷ்யச் சிப்பாய்கள் உக்ரேனியப் படைக்குப் பின்புறமாக வெளிப்பட்டார்கள்.