வரிவிலக்கும் கடன்விலக்கும்

ஆராய்ச்சியின் பொருட்டுக் கடல் கடக்கும் நம் பழைய மாணவர் விமானச் சீட்டையும் கம்பளிச் சட்டையையும் மறவாது தேடுவர். வரியுடன்படிக்கையைத் தேடுவார் அரியர். அவ்வறியாமையாற் கைப்பொருள் இழப்பாரும் உளர். ஆதலின், அதுபற்றிச் சில சொல்லத் துணிந்தேன்.

ஒருவர் ஈட்டும் ஊதியத்துக்கு இரு நாடுகள் வரி கேட்பது முறையன்று. அதனை விலக்கவே நாடுகள் தம்முள் உடன்படிக்கை செய்கின்றன. இந்தியாவும் ஐக்கிய அமெரிக்காவும் 1989இற் செய்த உடன்படிக்கையின் 22ஆம் உறுப்புரை, பல்கலைக்கழகத்திற் கற்பிக்கவோ ஆராயவோ வருவோரின் ஊதியத்துக்கு 2 ஆண்டுக்கு மேற்படாத வரிவிலக்கு அளிக்கின்றது. பொதுநலங் கருதாது தனியார் இலாபத்துக்காக நிகழும் ஆராய்ச்சிக்கு அவ்விலக்கு இல்லை. இலங்கை அமெரிக்காவுடன் 1985இற் கைச்சாத்திட்ட உடன்படிக்கையோ 2004இலேயே நடைமுறைக்கு வந்தது. அதன் வாசகம் வேறு. ஒன்றிலுள்ள சலுகை மற்றொன்றிலும் உண்டெனக் கொள்வது பேதைமை.

இவ்வேறுபாடு மலையகத்தார்க்குப் புதிதன்று. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் நம்மை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டுச் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் குடும்பங்களைக் கூறாக்கியது. ஒரே பாட்டனின் பேரர் இருவரில் ஒருவர் நீலகிரியிலிருந்தும் மற்றவர் பொகவந்தலாவையிலிருந்தும் ஒரே ஆய்வுகூடத்துக்குச் செல்லலாம். உடன்படிக்கை அவர்தம் குருதியையும் மொழியையும் நோக்காது. புறப்படுமுன் எந்நாட்டில் வதிந்தார் என்பதையே நோக்கும். தாளில் எழுதிய ஒரு சொல் வாழ்வை எங்ஙனம் மாற்றும் என்பதை நம்மினும் நன்கறிந்தார் யாவர்?

இந்திய உடன்படிக்கையில் வருந்தத்தக்க கடுமையும் ஒன்றுண்டு. தங்கல் 2 ஆண்டைக் கடப்பின், முன்னர்த் துய்த்த விலக்கு முழுவதும் இழக்கப்படும் என்பது அமெரிக்க இறைவரியாளர் கொள்கை. ஆராய்ச்சி நாட்காட்டியைப் பார்த்து முடிவதன்று. எல்லை கடந்த காலத்துக்கு மட்டும் வரி கேட்பதே நீதி. இனிச் செய்யும் உடன்படிக்கைகளிலேனும் கொழும்பிலுள்ளார் இதனை வற்புறுத்தல் வேண்டும்.

சலுகை தானாக வந்து கதவைத் தட்டுவதுமில்லை. ஊதியத்திலிருந்து வரி கழிக்கப்படாதிருக்க, 8233ஆம் இலக்கப் படிவத்தை ஆய்வாளரே நிரப்பி, ஊதியம் வழங்கும் பல்கலைக்கழகத்திடம் ஒப்புவித்தல் வேண்டும். புறப்படுவோர்க்கு இவற்றைத் தமிழில் விளக்கும் பணியைப் பழைய மாணவர் சங்கம் ஏற்குமாயின் பேருதவியாகும்.

“ஏழை வரி செலுத்த, கற்றவர் விலக்குப் பெறுவதோ?” என வினவுவார்க்கு ஒரு மறுமொழி உண்டு. தூறலில் நனைந்து கொழுந்து கொய்யும் தாயும் கடையில் வாங்கும் பொருள்வழி வரி செலுத்துகிறாள். அவள் போல்வார் செலுத்திய வரியாலன்றோ இலவசக் கல்வி நமக்குக் கிட்டியது? அயல்நாட்டு இறைவரியாளர் விலக்கலாம், அவள் விலக்கவில்லை. ஊர் மீளும் ஆய்வாளர் ஒருநாளேனும் நம் வகுப்பறையில் நின்று தாம் கற்றதைச் சொல்லட்டும். வரிவிலக்குப் பெற்றார் கடன்விலக்குப் பெற்றார் அல்லர்.