கொழும்பை ‘லோக்கல்’ மாதிரிச் சுத்துறது எப்பிடி?

“கொழும்புக்குப் போனால் டூரிஸ்ட் மாதிரிச் சுத்தாதீங்க, லோக்கல் ஆள் மாதிரிச் சுத்துங்க.” இந்த உபதேசம் இல்லாத ரீல்ஸ் இப்போது அபூர்வம். காலிமுகத்திடலில் இறால் வடை, புறக்கோட்டையில் பேரம், கொம்பனித்தெருவில் இரவுக் கொத்து, 155ஆம் நம்பர் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு ஒரு வீடியோ. அவ்வளவுதான், நீங்களும் லோக்கல்.

இறால் வடையோடு எங்களுக்கு ஒரு சண்டையும் இல்லை. சண்டை அந்தச் சொல்லோடுதான். ஒரு நகரத்தில் இருக்க யாருக்கு உரிமை, யாரை எழுப்பி அனுப்பலாம் என்ற கேள்வியை அந்தச் சொல் வடிவாக மறைத்துவிடுகிறது.

கொம்பனித்தெருவையே எடுப்பம். மலாய், முஸ்லிம், தமிழ், சிங்களக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகப் பக்கத்துப் பக்கத்தில் வாழ்ந்த இடம். 2010இல் நகர அபிவிருத்தி அதிகார சபை பாதுகாப்பு அமைச்சின் கீழ் கொண்டுவரப்பட்டது. அதே ஆண்டு மே மாதம் அங்குள்ள மியூஸ் ஸ்ட்ரீட்டில் வீடுகள் இடித்துத் தள்ளப்பட்டன. பிறகு கொழும்பின் பல தோட்டங்களில் இருந்த சனம் மாடிக் குடியிருப்புகளுக்கு மாற்றப்பட்டது. அவர்களைவிட லோக்கல் யார்? லோக்கலாக இருந்தது அவர்களைக் காப்பாற்றவில்லையே. அங்கே ஒரு பழைய சுவருக்கு முன்னால் நின்று ‘வைப்’ என்று போஸ்ட் போடுகிறவர், அது யாருடைய வீட்டுச் சுவர் என்று ஒருக்காவாவது கேட்க வேண்டாமா?

எங்கட ஆக்களுக்கு இது புதுக்கதையும் இல்லை. 2007 ஜூன் 7ஆம் திகதி, கொழும்பு லொட்ஜ்களில் தங்கியிருந்த தமிழர்கள் 376 பேரைப் பொலிஸார் பஸ்களில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். கொழும்பில் நிற்கத் தகுந்த காரணம் இல்லையாம். அடுத்த நாள் உயர் நீதிமன்றம் தலையிட்டு இடைக்காலத் தடை போட்ட பிறகுதான் அது நின்றது. “நீ இந்த ஊர் ஆளா?” என்பது அன்றைக்குப் பொலிஸ் கேள்வி. இன்றைக்கு அதுவே ஹேஷ்டேக் ஆகி வரும்போது நாங்கள் கொஞ்சம் யோசிக்கத்தானே வேணும்.

இன்னொன்று. போர் முடிந்து ஏ9 பாதை திறந்த பிறகு, தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாக வந்த சனம் உடைந்த வீடுகளைப் படம் பிடித்ததை எங்கட பெரியாக்கள் இன்னும் கசப்போடுதான் சொல்லுவினம். அந்தக் கசப்பு நியாயம் என்றால், மட்டக்குளியில் யாரோ ஒருவரின் வாசலில் கேட்காமல் கமராவை நீட்டுவதும் பிழைதான்.

“அப்ப ஹோட்டல் அறைக்குள்ளேயே இருக்கச் சொல்லுறீங்களோ?” இல்லை. வடிவாப் போங்கோ. வெள்ளவத்தையில் 155இல் ஏறி மட்டக்குளி வரைக்கும் டிக்கெட் எடுத்துப் போங்கோ. அந்த பஸ்ஸில் தொங்குகிறவர் சாகசத்துக்குத் தொங்கவில்லை, அவருக்கு வேலைக்கு நேரம் போகுது. தமிழ் 1987இலேயே அரச கரும மொழியாகிவிட்டது. வழியில் இருக்கிற அரச பெயர்ப் பலகைகளில் எங்கட எழுத்து இருக்கிறதா, பிழையில்லாமல் இருக்கிறதா என்று பாருங்கோ. நாலு வரி சிங்களமும் பழகுங்கோ. கடைக்கார அண்ணரிடம் இந்த இடத்தில் முந்தி என்ன இருந்தது என்று கேளுங்கோ. கொத்தை அதுக்குப் பிறகு சாப்பிடலாம்.

விருந்தாளியாகப் போவதில் ஒரு வெட்கமும் இல்லை. வீட்டுக்காரரை வெளியே அனுப்பிவிட்ட இடத்தில் வீட்டுக்காரர் வேஷம் போடுவதுதான் வெட்கம்.