மைவிக்கு இறக்கை முளைக்காது

பினாங்கின் ஆயர் ஈத்தாம் சந்தைப் பக்கம் தே தாரிக் குடிக்க உட்கார்ந்தால் இந்தப் பேச்சு எப்படியாவது வந்துவிடுகிறது. யாராவது கைப்பேசியை நீட்டுவார். எங்கோ ஒரு பையன் பழைய கார் எஞ்சினை இரும்புக் கூட்டில் பூட்டி, விசிறியைச் சுழலவிட்டு, வயல்வெளியில் ஓடிக்கொண்டிருப்பான். "பாருங்கண்ணே, படிக்காத பையன்! விமானக் கம்பெனிக்காரன் எஞ்சினுக்குக் கொள்ளை விலை வைக்கிறான். வெட்டின பழைய கார் விக்கிற ஹாப்-கட் கடையில ரெண்டு மூவாயிரம் வெள்ளிக்கு ஜப்பான் எஞ்சின் கிடைக்குது. அதைப் போட்டா பறக்காதா?" சுற்றியிருப்பவர்கள் தலையாட்டுவார்கள்.

நான் ஆட்டுவதில்லை. அதனால் மேசையில் எனக்கு நல்ல பெயரும் இல்லை.

அவர்கள் சொல்வதில் பாதி உண்மை என்பதுதான் தொல்லை. சிறு விமானங்களில் இன்றும் ஓடும் லைகமிங் ஓ-320 எஞ்சின் 1950களின் சரக்கு. 5.2 லிட்டர் கொள்ளளவுக்கு 150, 160 குதிரைத்திறன்தான். காற்றில் குளிர்வது, மேக்னெட்டோவில் தீப்பொறி எடுப்பது, ஈயம் கலந்த பெட்ரோல் குடிப்பது. நம் மைவி கார் ஒன்றரை லிட்டரிலேயே நூறு குதிரைத்திறனைத் தொடுகிறது. தாளில் பார்த்தால் மைவிதான் ஜெயிக்கும்.

தாளை வைத்துவிட்டு மலைக்கு வாருங்கள். கேக் லோக் சீ கோயிலைத் தாண்டி அணைக்கட்டுக்கு ஏறும் சாலையில் நாலு பேரை ஏற்றிக்கொண்டு பழைய கார் ஒன்றை ஓட்டிப் பாருங்கள். இரண்டாம் கியர், மிதித்த கால் எடுக்க முடியாது, சூட்டு முள் மெல்ல மேலே நகரும். என் கார் அங்கே ஒருமுறை ரேடியேட்டர் குழாய் வெடித்து நின்றது. ஓரங்கட்டிவிட்டு, தண்ணீர் கொண்டுவர ஆள் வரும்வரை குரங்குகளை வேடிக்கை பார்த்தேன். ஓரங்கட்ட இடம் இருந்தது என்பதைக் கவனியுங்கள்.

அந்த ஏற்றம் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். விமானத்துக்கு அது முடிவதே இல்லை. கிளம்பும்போது முழு பலம், பிறகு மணிக்கணக்கில் முக்கால் பலம். வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் 110 கிலோமீட்டர் வேகத்தில் போகும் காரோ தன் பலத்தில் கால் பங்கைத்தான் செலவழிக்கிறது. இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடிய எஞ்சின் என்று மார்தட்டுகிறோம். அதில் பெரும்பகுதி அது பாதித் தூக்கத்தில் ஓடியது.

அடுத்தது விசிறி. 1.8 மீட்டர் விட்டமுள்ள விசிறி நிமிடத்துக்கு 2,700 முறை சுழன்றால் அதன் நுனி வினாடிக்கு 250 மீட்டருக்குச் சற்று மேலே போகும். ஒலியின் வேகம் சுமார் 340. கார் எஞ்சின் தன் முழு பலத்தைக் காட்டுவது 6,000 சுற்றில். விசிறியை நேராகப் பூட்டினால் நுனி 560ஐத் தாண்டும். அந்த வேகத்தில் விசிறி காற்றைத் தள்ளுவதைவிட இரைச்சல் போடுவதுதான் அதிகம். ஆகவே வேகம் குறைக்கும் பல்சக்கரப் பெட்டி வேண்டும். பிஸ்டன்கள் விட்டு விட்டுக் கொடுக்கும் உதை, கனமான விசிறியோடு மோதி அந்தப் பெட்டியையும் தண்டையும் முறுக்கும். பெட்டியே வேண்டாம் என்று செவ்ரோலே கோர்வேர் எஞ்சினில் நேராக விசிறி மாட்டியவர்களுக்கு கிராங்க் தண்டு உடைந்தது. பிறகு விசிறிப் பக்கம் கூடுதலாக ஒரு பேரிங் வைத்துத்தான் சமாளித்தார்கள்.

இது விமானக் கம்பெனிகளின் சதி என்பவர்கள் 1903ஐ நினைக்கட்டும். ரைட் சகோதரர்கள் முதலில் போனதே கார் கம்பெனிகளிடம்தான். தேவையான எடைக்குள் எஞ்சின் தர ஒருவரும் முன்வராததால், அவர்களுடைய மெக்கானிக் சார்லி டெய்லர் அலுமினிய உடலோடு 12 குதிரைத்திறன் எஞ்சினைப் பட்டறையிலேயே செய்தார்.

நம் மலேசியாவையே பாருங்கள். 1985இல் பினாங்கு பாலம் திறந்தபோது அன்றைய பிரதமர் மகாதீர் நம் சொந்தத் தயாரிப்பான புரோட்டோன் சாகா காரை ஓட்டிக் கடந்தார், தேசமே பெருமைப்பட்டது. அடுத்த பத்தாண்டில் இங்கே தயாரான எம்டி3 ஏரோதீகா பயிற்சி விமானத்தில் எந்த எஞ்சின்? அதே லைகமிங் ஓ-320. மலாக்காவில் தயாரான ஈகிள் 150பி விமானத்தில்? கான்டினென்டல், 125 குதிரைத்திறன். சொந்தக் கார் இருக்கும் பெருமையில் மிதந்த காலத்திலும் அதன் எஞ்சினை விமானத்தில் வைக்கவில்லை.

ஜெர்மானியர்கள் வைத்தார்கள். போர்ஷே தன் 911 காரின் எஞ்சினை மாற்றியமைத்து 1980களில் சான்றிதழும் வாங்கியது. சுமார் நாற்பது மூனி விமானங்களில் அதை ஏற்றி, பிறகு கைகழுவியது. தீலர்ட் நிறுவனம் மெர்சிடிஸ் ஏ-கிளாஸ் டீசல் எஞ்சினைப் பறக்கவிட்டது. அதன் பல்சக்கரப் பெட்டியை 300 மணிநேரத்திலேயே கழற்றிப் பார்க்க வேண்டியிருந்தது. 2008இல் நிறுவனம் நொடித்தது. கார் பெட்ரோலில் ஓடும் ஆஸ்திரியாவின் ரோட்டாக்ஸ் 912ஐ எனக்கு எதிராகக் காட்டுவார்கள். அது காருக்குப் பிறந்ததல்ல. விசிறிக்காகவே, பல்சக்கரப் பெட்டியோடு வடிவமைக்கப்பட்டது. ஃபோக்ஸ்வாகன் எஞ்சினைப் பிரித்துக் கோத்துப் பறப்பவர்களும் உண்டு. ஆண்டுக்கணக்கில் அதற்கு உழைத்தவர்கள் அவர்கள். ஹாப்-கட் கடையில் வாங்கி மறுநாள் பறந்தவர்கள் அல்ல.

2021 ஆகஸ்டில் மகாராஷ்டிராவின் யவத்மால் மாவட்டத்தில் ஓர் இளம் வெல்டர் மாருதி 800 எஞ்சின் பூட்டிய ஹெலிகாப்டரைத் தரையில் வைத்துச் சோதித்தார். பின்விசிறி உடைந்து மேல்விசிறியில் அடிக்க, அது அவரைத் தாக்கியது, இறந்துபோனார். எஞ்சின் அங்கே குற்றவாளி அல்ல. ஆனால் எஞ்சின் சுற்றிவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று என்ற நினைப்பை அவர் தலையில் ஏற்றியதில், கைப்பேசியில் கட்டைவிரல் தூக்கிக் காட்டும் நமக்கும் பங்கு உண்டு. அந்தப் பையன்களின் கைத்திறனை நான் குறை சொல்லவில்லை. கைதட்டுபவர்கள் மீதுதான் என் கோபம்.

போன வாரம் இதையெல்லாம் சொல்லி முடித்ததும் ஒர்க்‌ஷாப் தம்பி கேட்டான்: "சரிண்ணே, ரெண்டு எஞ்சின் போட்டா? ஒண்ணு நின்னா இன்னொண்ணு இருக்குமே?"

2007 மார்ச்சில் ஜெர்மனியின் ஸ்பேயரில் அப்படியொரு விமானம் கிளம்பிய கதையைச் சொன்னேன். டைமண்ட் டிஏ42, இரண்டும் அந்த மெர்சிடிஸ் வழி வந்த தீலர்ட் எஞ்சின்கள். பேட்டரி இறங்கியிருந்ததால் வெளி மின்சாரம் கொடுத்து ஸ்டார்ட் செய்தார்கள். மேலே எழும்பிச் சக்கரத்தை உள்ளே மடக்கியபோது மின்னழுத்தம் ஒரு கணம் விழுந்தது. எஞ்சின்களை நடத்தும் கணினிகள் மறுபடி தொடங்கப் பார்த்தன. இரண்டு எஞ்சினும் சேர்ந்தே நின்றன. வயிறு தரையில் உரச இறங்கினார்கள். உயிர் போகவில்லை.

தம்பி கிளாஸைக் கீழே வைத்தான். "பேட்டரி வீக்கா இருந்தா என் மைவியும் இப்படித்தாண்ணே."