மாஸ்டர் பிளானை யார் எழுதுவது?

கிராமத்தில் ஊருக்கு வெளியே சேரி. சென்னையில், கூவம், அடையாறு கரைகளிலிருந்து அப்புறப்படுத்தப்பட்டவர்களுக்கு 20, 25 கிலோமீட்டர் தள்ளி கண்ணகி நகரும் பெரும்பாக்கமும். அங்கே குடியேற்றப்பட்டவர்களில் பெரும்பாலோர் தலித்துகள். வீடு மாறியது, வேலை பழைய இடத்திலேயே இருக்கிறது. போக்குவரத்திலேயே கூலியில் ஒரு பகுதி கரைகிறது.

இப்போது மூன்றாவது மாஸ்டர் பிளானை சிஎம்டிஏ தயாரிக்கிறது. ஆனால் 74ஆவது திருத்தம் தந்த 243இசட்இ பிரிவு சொல்வது வேறு: உள்ளாட்சிகளின் திட்டங்களைக் கணக்கில் கொண்டு, பெருநகரத் திட்டக் குழுவே வரைவுத் திட்டத்தைத் தயாரிக்க வேண்டும். அதில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாதவர்கள், நகராட்சி உறுப்பினர்களும் ஊராட்சித் தலைவர்களும் தங்களுக்குள் தேர்ந்தெடுத்தவர்களாக இருக்க வேண்டும்.

இதிலும் ஓர் ஓட்டை உண்டு. வார்டுகளில் பட்டியல் சாதியினருக்கு இடஒதுக்கீட்டைக் கட்டாயமாக்கிய அரசியலமைப்பு, இந்தக் குழுவில் கட்டாயமாக்கவில்லை. கவுன்சிலராக வென்று வரும் தலித் பெண், எந்த நிலம் யாருக்கு என்று முடிவாகும் மேசைக்கு வர உத்தரவாதம் இல்லை.

குழுவின் அமைப்பைச் சட்டமன்றமே தீர்மானிக்கலாம். எனவே கேட்போம்: திட்டத்தைக் குழு எழுதட்டும்; குழுவில் இடஒதுக்கீடு இருக்கட்டும்; வேலை இருக்கும் இடத்துக்கு அருகிலேயே ஏழைகளின் வீட்டுக்கு நிலம் குறிக்கப்படட்டும். இல்லையென்றால் 20 ஆண்டுகளுக்கு இன்னொரு பெரும்பாக்கம்தான் வரையப்படும்.